ஜிங்க் மாத்திரை தடையின்றிக் கிடைக்கக் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: கைக்குழந்தைகளுக்கு ஜிங்க் (துத்தநாகச் சத்து) மாத்திரை முழு அளவில் வழங்கக் கோருதல் (முந்தைய மனுக்களுக்குப் பதில் இல்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாங்கள் நேரில் பார்த்தவர். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்.

1. வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கிறது. அதற்கு நன்றி.

2. ஜிங்க்தான் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பாதிதான். ஓ.ஆர்.எஸ்ஸுடன் ஜிங்க்கும் 10 முதல் 14 நாள் வரை தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் 2004லேயே சொல்லிவிட்டன. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. அதாவது சின்னக் குழந்தைக்கு 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. 14 நாளுக்கு ஏழே ஏழு மாத்திரை ஐயா! அந்த ஏழையும் மொத்தமாகக் கொடுக்காமல் இரண்டை வெட்டிக் கையில் வைத்து, "தீர்ந்ததும் வாங்க" என்கிறார்கள். தீர்ந்ததும் போனால் "ஸ்டாக் இல்லை". அதற்குள் போக்கு நின்றுவிட்டால் தாயும் விட்டுவிடுகிறாள், யார் குற்றம்? முழுதாகக் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குப் போக்கு திரும்ப வருவதும் குறையும் என்று தாய்மார்களுக்குச் சொல்லித் தருவதே உங்கள் துறைதான். சொல்லிவிட்டு மாத்திரை இல்லை என்றால் எப்படி?

3. கடுமையான கிருமித்தொற்றோடு சேர்க்கப்படும் பச்சிளங்குழந்தைகள் பற்றியும் ஒரு வார்த்தை. 7 முதல் 120 நாள் வயதுக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாட்டிக்குடன் தினம் 10 மில்லிகிராம் ஜிங்க் கொடுத்துப் பார்த்த டெல்லி ஆய்வு 2012இல் வெளியானது. சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் ஜிங்க் பெற்றவர்களில் 10 சதவீதம், பெறாதவர்களில் 17. ஒரே ஆய்வை வைத்து எல்லோருக்கும் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அது டாக்டர்கள் முடிவு. பால் குடிக்காமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு முதலில் ஊசிதான் வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் வார்டில் மாத்திரை இருக்க வேண்டாமா?

4. இன்டென்ட் (மருந்து கேட்டு அனுப்பும் சீட்டு) போட்டோம், மருந்துக் கிடங்கிலிருந்து மாத்திரை வரவில்லை என்கிறது நிலையம். கிடங்கைக் கேட்டால் இன்டென்ட்டே வரவில்லையாம். சரி, நாங்கள் யாரைக் கேட்பது? எங்கள் முந்தைய மனுக்கள் எந்த மேசையில் இருக்கின்றன என்றாவது சொல்லுங்கள்.

குழந்தைக்கு வேண்டிய மாத்திரைகளை முதல் நாளே முழுதாகக் கொடுக்க உத்தரவிடுங்கள். கையிருப்பு எவ்வளவு என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மறுபடியும் கேட்கிறோம் ஐயா, முதல் நாளே, முழுதாக. இந்த முறையாவது எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
கைக்குழந்தைகளின் பெற்றோர்