தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிக் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்கள், செயலாளர்கள், குருக்கள் அனைவருக்கும் வணக்கம்.

டர்பனில் நம் குடும்பங்களில் கணவன் மனைவி சண்டை முற்றினால், போலீசுக்குப் போகுமுன் பலர் உங்களிடம்தான் வருகிறார்கள். நீங்களும் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, பிள்ளைகளை நினைக்கச் சொல்லி, கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கி அனுப்புகிறீர்கள். சாதாரண மனத்தாங்கலுக்கு அது போதும். "விட்டுப் போனால் கொன்றுவிடுவேன்" என்று சொன்னவனுக்கு அது போதாது. அவன் எதிரில் அவள் வாய் திறக்க மாட்டாள்.

குரைக்கிற நாய் கடிக்காது என்பீர்கள். மிரட்டுகிறவர்கள் எல்லோரும் தாக்குவதில்லை, உண்மைதான். ஆனால் தாக்கியவர்கள் பலர் அதற்கு முன்பே யாரிடமாவது வாய்விட்டிருக்கிறார்கள். அமெரிக்க ரகசியப் பாதுகாப்புப் பிரிவு (சீக்ரெட் சர்வீஸ்) 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் காட்டியது: பெரும்பாலானவற்றில் தாக்கியவனின் எண்ணம் நண்பனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ முன்பே தெரிந்திருந்தது. நம் ஊரில் அப்படிக் கேட்கும் காது பல நேரம் உங்களுடையது.

ஆகவே அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? எப்போதாவது கழுத்தை நெரித்தானா? அண்மையில் பிரிந்தாளா, பிரியப்போகிறாளா? பின்தொடர்கிறானா? தானும் செத்துப்போவதாகச் சொல்கிறானா? ஜாக்குலின் கேம்ப்பெல் என்ற செவிலியர் 1985இல் உருவாக்கிய, துணைவனால் கொல்லப்படும் அபாயத்தை அளக்கும் ஆபத்து மதிப்பீட்டின் வழிவந்த கேள்விகள் இவை. கழுத்து நெரிப்பை மட்டும் ஒருபோதும் லேசாக எடுக்காதீர்கள். தடம் தெரியாவிட்டாலும் அது கொலைக்கு மிக நெருங்கிய அறிகுறி. பையன் யாரோடும் பேசுவதில்லை, மனநோய் மாத்திரை சாப்பிடுகிறான் என்பதெல்லாம் அறிகுறியாகிவிடாது. அந்த வம்பு நமக்கு வேண்டாம்.

கேட்டதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். நம் நாட்டின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி, அவன் தன்னைத் துன்புறுத்தக் கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு ஆணையை அவள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கேட்கலாம். விவரம் அறிந்த மற்றவர்களும் பிரமாண வாக்குமூலம் தந்து அவள் மனுவோடு இணைக்கலாம். அவளையோ தன்னையோ கொல்வதாக அவன் மிரட்டினான் என்று நீதிமன்றம் நம்பினால், அவனிடமுள்ள ஆயுதத்தைப் பறிமுதல் செய்யப் போலீசுக்கு உத்தரவிட்டே ஆக வேண்டும். உங்கள் ஒரு பக்க வாக்குமூலம் அந்தத் துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியேற்ற உதவும். "கோயில் பெயர் கெடும்" என்று கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் பொறுப்பில் இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அவனையும் கைவிடாதீர்கள். வேலை போனவன், குடியில் மூழ்கியவன், பிள்ளைகளைப் பார்க்க முடியாதவன் தனித்து விடப்பட்டால் ஆபத்து கூடும். அவன் மதிக்கும் ஒருவர் வாரந்தோறும் போய்ப் பேசட்டும். அவள் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிவிடக் கூடாது.

ஆடிக் கூழ் வேலைகள் தொடங்குமுன், உங்கள் அடுத்த கூட்டத்தில் இதற்கென இருவரை நியமியுங்கள். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். 0800 428 428 என்ற இலவச உதவி எண்ணைப் பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் அவள் நின்று படிப்பதை அவனும் பார்ப்பான்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அடியவர்