கடலைக் காட்டி வாடகை வாங்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரிசார்ட் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், உங்களில் ஒருவருடைய ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்திருக்கிறேன். பெயரை இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்களிடம் பேசியபோது, அவரவர் போய்வந்த இடத்தைப் பற்றியும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். அதனால் உங்கள் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் சேலத்துக்காரர்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, இரண்டு முட்டியிலும் தேய்மானம். கடலோரத்தில் தங்க வேண்டும், அலையில் கால் நனைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா குடும்பமும் சேர்ந்துகொண்டது. அறை வாடகை ஓர் இரவுக்கு 16,000 ரூபாய். 7,500 ரூபாய்க்கு மேல் போனால் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்பதால், வரியோடு 18,880. எங்கள் வீட்டில் இது சாதாரணச் செலவு இல்லை. அதனால் பணம் கட்டும் முன்பே போனில் கேட்டேன்: "வயசானவங்க வராங்க, நடக்கக் கஷ்டம். ரூம்ல இருந்து கடல் தெரியுமா? பீச்சுக்கு ஈசியாப் போகலாமா?" "கண்டிப்பா மேடம், வாசல்லயே கடல்" என்று பதில் வந்தது.

பால்கனிக் கதவைத் திறந்தால் எதிரே சவுக்குத் தோப்பு, அதற்கு இந்தப் பக்கம் ஜெனரேட்டர் அறை. இடது மூலைக்குப் போய்க் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தால், இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. அம்மாவால் அந்த மூலையில் நிற்க முடியவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது டீசல் வாடை அடித்ததால் கதவை மூடியே வைத்திருந்தோம். வரவேற்பில் போய்க் கேட்டால், கடலைப் பார்த்த அறை வேண்டுமென்றால் இரவுக்கு நாலாயிரம் கூடுதல் என்றார்கள். அங்கே நின்ற பையனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கலாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. சொல்லச் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார்.

கடற்கரைக்குப் போகலாம் என்று கிளம்பினோம். பின்பக்கம் மரக்கதவு, அதைத் தாண்டியதும் கைப்பிடி இல்லாத படிகள், அப்புறம் கால் புதையும் மணல். சக்கர நாற்காலி இருக்கிறதா என்று கேட்டதும் கொண்டுவந்தார்கள். அது ஆஸ்பத்திரி வராண்டாவில் தள்ளுகிற வண்டி, படியிலும் இறங்காது, மணலிலும் ஓடாது. அம்மா கடைசிப் படிவரை வந்து, மூச்சு வாங்கி, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டார். ஆறு மணிக்கு அந்தக் கதவையும் பூட்டிவிட்டார்கள்.

பிள்ளைகள் முட்டியளவு தண்ணீரில் இறங்கியதுமே காவலாளி விசில் அடித்தார். அவர் செய்தது சரி. இந்தக் கரையில் அடி சட்டென்று ஆழமாகிறது, இழுப்பும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இது உங்களுக்கும் நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் உங்கள் விளம்பரப் படத்தில் குழந்தைகள் அலைக்குள் குதிக்கிறார்கள். கரையில் உயிர்காக்கும் நீச்சல்காரர் ஒருவர்கூட இல்லை. விசிலும் சிவப்புக் கொடியும் மட்டும்தான்.

நீச்சல் குளத்துக்கு நைலான் உடை கட்டாயம் என்பதும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. காலைச் சாப்பாட்டில் ஒன்பதரைக்கே இட்லி காலி. இதையெல்லாம் நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் சாப்பாட்டு பில்லில் 10 சதவீதம் சேவைக் கட்டணத்தை நீங்களாகவே சேர்த்ததைச் சொல்லாமல் விட முடியாது. அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கேட்டதும் எடுத்துவிட்டார்கள். கேட்கத் தெரியாதவர்கள் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

அம்மாவுக்கு வழி சொன்னவர் அந்தக் காவலாளிதான். "காலைல குப்பத்து வழியாக் கூட்டிட்டுப் போங்கக்கா, தரை கெட்டியா இருக்கும்" என்றார். மறுநாள் விடிந்ததும் காரில் சுற்றிக்கொண்டு போனோம். வலை உலர்த்தியிருந்த இடத்தைத் தாண்டி, படகு இழுத்து இழுத்து இறுகிப்போன மணல். மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து, எங்கள் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத, அலை வந்தா என்னப் புடிச்சிக்க" என்றார். அம்மாவின் புடவைக் கரை முழுக்க நனைந்தது. அந்த அம்மா எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. காலா மீன் மட்டும் வாங்கிக்கொள்ளச் சொன்னார். அறையில் சமைக்க வழியில்லை என்றதும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மெரினாவைப் பாருங்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே 2022 நவம்பரில் சென்னை மாநகராட்சி மாற்றுத் திறனாளிகளுக்காக மணல்மேல் மரப்பாதை போட்டது. சில நாளிலேயே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. திரும்பவும் சரிசெய்தார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் அதில் போய் அலையைக் கிட்டத்தில் பார்க்கிறார்கள். ஓர் இரவுக்குப் பதினாறாயிரம் வாங்கும் உங்களால் நாலு படிக்கு ஒரு கைப்பிடியும் ஒரு சாய்தளமும் போட முடியாதா? சவுக்குக் கட்டையில் செய்தாலும் போதுமே.

அப்புறம், கடற்கரை உங்கள் சொத்து இல்லை. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் கடலுக்குப் போய்வர இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவில் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. நான் காரில் போய்வந்த தூரத்தில் மதிலுக்கு மதில் ஒட்டியே நிற்கிறது. வழி மிஞ்சியிருப்பது குப்பத்துக்காரர்கள் புழங்கும் இடத்தில் மட்டும்தான். அவர்கள் பிள்ளைகள் உங்கள் பக்கம் சங்கு விற்க வந்தால் விரட்டுகிறீர்கள். அதைக் கண்ணால் பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். அடுத்த முறை தங்கினால் 15 சதவீதம் தள்ளுபடி என்று கூப்பன் வந்தது. அது எங்களுக்கு வேண்டாம். உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் ஒவ்வோர் அறையின் பால்கனியிலிருந்தும் எடுத்த உண்மையான படத்தைப் போடுங்கள். கடற்கரைக்கு எத்தனை படி, கதவு எத்தனை மணிக்குப் பூட்டும், தண்ணீரில் இறங்கலாமா கூடாதா என்பதைத் தமிழிலும் எழுதுங்கள். கரையில் நீச்சல் தெரிந்த இரண்டு பேரை, முடிந்தால் அந்தக் குப்பத்திலிருந்தே, சம்பளத்துக்கு வையுங்கள். அதன் பிறகு இதே வாடகையைக் கேளுங்கள். வருவதா வேண்டாமா என்று எங்களைப் போன்றவர்கள் தெரிந்து முடிவெடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து வந்து தங்கிய ஒரு குடும்பத்தின் மகள்