அந்தப் படத்தையும் அதே மூட்டையில் கட்டலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘கெட்டுப்போன பெண்கள்’ பற்றிய பழைய ஹாலிவுட் படங்களை மலிவுச் சரக்கு என்று சென்ற இதழில் கட்டுரையாளர் மொத்தமாக ஒதுக்கியிருக்கிறார். பல படங்களுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் 1950-ல் வந்த ‘சோ யங், சோ பேட்’ படத்தையும் அதே மூட்டையில் கட்டியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பெயரைக் கேட்டால் யாருக்கும் தப்பாகத்தான் தோன்றும். உள்ளே இருப்பது வேறு. பெண்கள் சீர்திருத்தப் பள்ளிக்குப் புதிதாக வரும் மனநல மருத்துவராக பால் ஹென்ரீட் நடித்திருக்கிறார். அங்கே சிறுமிகளை நிலவறையில் அடைத்து, தீயணைக்கும் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். டொலோரஸ் என்ற பெண்ணின் முடியைத் தண்டனையாக வெட்டுகிறார்கள். அவள் தூக்கு மாட்டிக்கொள்கிறாள். டொலோரஸாக நடித்தவர் ரீட்டா மொரேனோ. அவருக்கு அதுதான் முதல் படம். அதே வருஷம் வந்த ‘கேஜ்டு’ படத்திலும், 19 வயதுக் கைதியாக வரும் எலினார் பார்க்கரின் தலையைக் காவல்காரி மழித்துவிடுகிறாள். அடித்த தழும்பு ஆறிவிடும். ஒரு பெண்ணின் முடியில் கை வைப்பது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இதெல்லாம் சினிமாவுக்காக ஊதிப் பெருக்கியது என்றும் எழுதியிருக்கிறார். சரி, பின்னாளில் புகழ்பெற்ற அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டை எடுத்துக்கொள்வோம். அம்மா இறந்த மறுவருஷம், 1933-ல், நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரிலிருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளிக்கு அவரை அனுப்பினார்கள். கருப்பினச் சிறுமிகளுக்கு அங்கே தனிக் குடியிருப்புகள். பள்ளிப் பாடகர் குழுவில் வெள்ளைக்காரச் சிறுமிகள் மட்டும்தான். எல்லாவின் குரலுக்கு அதில் இடமில்லை! அவரை நிலவறையில் அடைத்துக் கொடுமைப்படுத்தியதாக அந்தப் பள்ளியின் கடைசிக் கண்காணிப்பாளரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1934 நவம்பரில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியிலுள்ள அப்பல்லோ அரங்கப் போட்டியில் பாடி ஜெயித்தபோது எல்லாவுக்கு 17 வயது.

அப்புறம், கட்டுரையில் வரும் ‘குற்றவாளிச் சிறுமிகள்’ என்ற சொல். அந்தக் காலத்தில் இத்தகைய பள்ளிகளுக்குப் போன பலர் செய்த குற்றம் என்ன? வீட்டை விட்டு ஓடியது, பள்ளிக்கூடம் போகாதது, பெரியவர்கள் பேச்சைக் கேட்காதது. பையன்கள் செய்தால் நாலு அறையோடு முடிந்திருக்கும்.

குறையென்று பார்த்தால் ‘சோ யங், சோ பேட்’ படத்திலும் உண்டு. ஹட்சனில் எல்லாவோடு இருந்த கருப்பினச் சிறுமிகளின் கதை இதில் இல்லை. நல்ல டாக்டர் ஒருவர் வந்துவிட்டால் போதும் என்பதுபோல முடிவைச் சுலபமாக்கியும் விட்டார்கள். கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் நானும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

தொடரின் அடுத்த பகுதியிலாவது இந்தப் படத்துக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஹட்சன் பள்ளி பற்றியும் அதில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கும்பகோணம்