அப்பா மறுபடியும் பஸ் எடுப்பது பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே சிங்கப்பூரில் நானும் அம்மாவும் நலம். மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

விஷயத்துக்கு வருகிறேன். நான் திரும்பவும் பஸ் ஓட்டப் போகிறேன் என்று அம்மா வாய்விட்டதும் நீ அவளை ஒரு பிடி பிடித்திருக்கிறாய். "அப்பாவுக்குப் பணம் பத்தவில்லை என்றால் நான் அனுப்ப மாட்டேனா?" என்று கேட்டாயாம். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கே வருவாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

பணக் கதையை முதலில் முடித்துவிடலாம். 65 வயதிலிருந்து மசேநி லைஃப், அதாவது மத்திய சேமநிதியின் ஓய்வுக்காலப் பணம், மாதாமாதம் வங்கிக்கு வருகிறது. வீட்டுக் கடன் இல்லை. அம்மாவுக்கும் எனக்கும் சாப்பாடு, மருந்து, தேக்காவில் காய்கறி, மாதம் ஒரு கல்யாணம் காதுகுத்து, இவ்வளவுதானே செலவு. நீ அனுப்ப வேண்டாம், பேரன் பெயரில் போட்டு வை.

பிறகு எதற்கு வேலை, அப்படிச் செய்ய ஆசையென்றால் டிப்போவிலேயே இருந்திருக்கலாமே என்பாய். இருக்கத்தான் சொன்னார்கள். அப்போது ஓய்வு வயது 63 என்றாலும் 68 வரை மறுவேலை கொடுக்கச் சட்டம் இருந்தது, 2026 ஜூலையிலிருந்து அதையும் 64, 69 என்று ஏற்றியிருக்கிறார்கள். ஆனால் எனக்கு அலுத்துப்போனது அந்த ரோஸ்டர். ஊர் தூங்கும் நேரத்தில் எழுந்து முதல் பஸ்ஸை எடுப்பது, அடுத்த வாரம் நடுநிசியில் கடைசி பஸ்ஸை நிறுத்துவது, தீபாவளிக்கு லீவு கேட்டுக் கெஞ்சுவது. அதோடு இன்னொன்று, யாரிடமும் சொன்னதில்லை. இந்தத் தீவு கிழக்கிலிருந்து மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே வாழ்நாள் முழுக்க ஓட்டினேன். நிறுத்தம், மணி, பிரேக், மறுபடி நிறுத்தம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து, சாலை தன் பாட்டுக்கு விரிய, நிற்காமல் ஒரு பெரிய வண்டியை ஓட்ட வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் கிடந்தது. நீ மெல்பர்னிலிருந்து சிட்னிக்கு ஓட்டிக்கொண்டு போன படங்களை அனுப்பியபோது நான் உன் முகத்தைவிட அந்த ரோட்டைத்தான் அதிக நேரம் பார்த்தேன். உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

சிங்கப்பூரில் தூரப் பயணம் என்றால் வேறென்ன, மலேசியாதான். காஸ்வேயைத் தாண்டினால் ஜொகூர், கோலாலம்பூர் ஏறக்குறைய 350 கிலோமீட்டர், பினாங்கு அதைப்போல் இரண்டு மடங்கு. தூரமும் வேண்டும், என் இஷ்டத்துக்கு நாளும் வேண்டும், இரண்டும் சேர்ந்த வேலை எது என்று கொஞ்ச நாள் விசாரித்துக்கொண்டே திரிந்தேன். கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு யோசனை.

எல்லாரும் முதலில் சொன்னது தனியார் வாடகை கார். "ஆப்பைத் திறந்தால் வேலை, மூடினால் ஓய்வு, உங்கள் இஷ்டம்" என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கார் யாருடையது? வாடகைக்கு எடுத்தால் நாள் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், நீ ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். காய்ச்சலில் படுத்தாலும் அந்தக் காசு போகும். அப்புறம் வாடகையை எடுப்பதற்காகவே காலையில் வண்டியை எடுக்க வேண்டும். இஷ்டம் என்று சொல்லிவிட்டுக் கயிறு கட்டிய மாதிரிதான். சட்டப் பாதுகாப்பு முன்பைவிட நன்றாகத்தான் இருக்கிறது. 2025 ஜனவரியில் இணையத்தள ஊழியர்கள் சட்டம் நடப்புக்கு வந்தபின் வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு, 1995லும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்கு மசேநியும் கட்டாயம். என் வயதுக்காரர்கள் விரும்பினால் சேரலாம். ஆனாலும் அது மறுபடி ஈசூனுக்கும் ஜூரோங்குக்கும் நடுவில் சுற்றும் வேலை. வேண்டாம் என்று விட்டேன்.

குவீன் ஸ்திரீட்டிலிருந்து ஜேபி, அதாவது ஜொகூர் பாருவில் இருக்கும் லார்க்கின் போகும் எல்லை தாண்டும் டாக்சியையும் யோசித்தேன். அதில் தூரம் கொஞ்சம், நெரிசலில் நிற்பது அதிகம்.

இன்னொரு ஆள் வந்தார். ஏழு பேர் உட்காரும் வண்டி, வாட்ஸ்அப்பில் ஆள் பிடிப்பார்களாம், வீட்டு வாசலில் ஏற்றி மலாக்காவில் ஹோட்டல் வாசலில் இறக்கினால் போதுமாம், நல்ல காசாம். உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் அங்கிள்" என்றார். பார்க்கிறார்கள். உரிமம் இல்லாமல் வெளிநாட்டுப் பதிவு வண்டியில் இங்கே காசுக்கு ஆள் ஏற்றினால் 3,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, வண்டியும் பறிபோகலாம். 2025ல் நிலப் போக்குவரத்து ஆணையம் சோதனையை இறுக்கிப் பல வண்டிகளைப் பிடித்தது. அதைவிட, நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். பின்சீட்டில் இருப்பது யாரோ வீட்டுக் குழந்தை. இதுவரை கறையில்லாமல் வைத்திருக்கும் லைசென்ஸை இந்த வயதில் போய் அழுக்காக்கிக்கொள்வதா?

எக்ஸ்பிரஸ் பஸ் கம்பெனிகளிலும் கேட்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் பஸ் ஏறினோமே, அங்கே போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. 2021ல் அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு 700 மில்லியன் வெள்ளிக்கு விற்றுவிட்டார்கள். ஹாட்யாய் பஸ், தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடை எல்லாம் வேறு இடம் போய்விட்டன. தேடிப் பிடித்துக் கேட்டதில், அந்த வேலையெல்லாம் முழுநேரம், பாதிக்குப் பாதி ராத்திரி ஓட்டம். ஓட்டுபவர்களும் பெரும்பாலும் மலேசியப் பிள்ளைகள். ராத்திரி ஓட்டம் எனக்கு ஆகாது.

கடைசியில் என் பழைய டிப்போ கூட்டாளி ஒருவர்தான் வழி காட்டினார். அவர் ஒரு சின்ன கம்பெனியில் ரிலீஃப் டிரைவராக இருக்கிறார். சொந்தமாகக் கொஞ்சம் பஸ் வைத்துக்கொண்டு சார்ட்டர் மட்டும், அதாவது முழு பஸ்ஸையும் ஒரு குழுவுக்கு வாடகைக்கு விடும் வேலை மட்டும் எடுக்கும் முதலாளி. கோயில் யாத்திரைக் குழு, முதியோர் மன்றம், கல்யாண வீடு, பள்ளி விடுமுறையில் குடும்பங்கள். நிரந்தர டிரைவர்கள் கொஞ்சம் பேர்தான், கூட்டம் வரும்போது எங்களைப் போன்ற ஆட்களைக் கூப்பிடுவார். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், ஆண்டு இறுதியில் ஆறு வாரம் என்று பள்ளி மூடும்போது இவருக்கு ஆள் போதாது. மற்ற மாதங்களில் அவ்வப்போதுதான் கூப்பிடுவார். நாள் கணக்கில் சம்பளம். வேண்டாம் என்றால் வேண்டாம், அவர் கோபித்துக்கொள்வதில்லை, அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். எனக்கு வேண்டியது இதுதான். என்னிடம் பஸ் ஓட்டும் லைசென்ஸும் ஆணையத்தின் தொழில் உரிமமும் ஏற்கெனவே இருப்பதால் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. இரண்டையும் காலாவதியாக விடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. விட்டிருந்தால் திரும்ப எடுப்பது லேசில்லை.

இன்னும் கொஞ்ச நாளில் ஜொகூருக்குப் போகும் ஆர்டிஎஸ் ரயில் வந்துவிடும், அப்புறம் பஸ்ஸில் யார் போவார்கள் என்று மாப்பிள்ளை கேட்டாராம். அது உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜேபியில் உள்ள புக்கிட் சாகார் வரைதான் போகும். ஜேபிக்குச் சாப்பிடப் போகிறவர்கள் அதில் போகட்டும். கோலாலம்பூர் பக்கத்துப் பத்துமலைக்கும் பினாங்குத் தண்ணீர்மலைக்கும் போகிற பாட்டிமார்கள் முறுக்கு டின்னோடு ஏறுவது நம் பஸ்ஸில்தான்.

ஒரு கோயில் குழுவோடு கூட்டாளி போனபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். பஸ் ஓட்டுவது இந்த வேலையில் பாதிதான், பாப்பா. மீதிப் பாதி சோதனைச்சாவடி. உட்லண்ட்ஸில் எல்லாரும் இறங்கி, வரிசையில் நின்று, மறுபக்கம் வந்து பஸ்ஸைத் தேடி ஏற வேண்டும். ஜேபியில் மறுபடி அதே கதை, இந்தத் தடவை பையையும் தூக்கிக்கொண்டு. விழாக்கால நாட்களில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சாவடிகளையும் சேர்த்து ஒரே நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நாற்பது தலைகளை எண்ணிச் சேர்ப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். ஒரு பாட்டி வேறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே தூங்கியும் விட்டார். குழுவில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இருந்தால் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு அது தேவையில்லை என்பதால் ஏற்பாட்டாளர்கள் மற்றவர்களையும் மறந்துவிடுகிறார்கள். கூட்டாளி இப்போதெல்லாம் பஸ் கிளம்புவதற்கு முன்னாலேயே மைக்கில் கேட்டுவிடுகிறார். நல்ல பழக்கம், நானும் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஜேபி நெரிசல் முடிந்து ஸ்கூடாய் தாண்டியதும் சாலை திறந்துகொள்ளும். மாச்சாப், யோங் பெங், பாகோ என்று பலகைகள் வரும், இரண்டு பக்கமும் செம்பனை. வேடிக்கை பார்க்க ஒன்றுமில்லை என்று உன் அம்மா சொல்லுவாள். எனக்கு அந்த ஒன்றுமில்லாததுதான் பிடித்தது. ஈப்போவுக்கு மேலே சுண்ணாம்பு மலைகள் வரும், மெனோரா சுரங்கம் வரும், அதன் முன்னும் பின்னும் ஏற்றமும் வளைவும், அங்கே மட்டும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். கேமரன் மலைக்குத் தாப்பா வழி பழைய வளைவுப் பாதை, பெரிய பஸ்ஸுக்குச் சிம்பாங் பூலாய் வழிதான் நல்லது என்று கூட்டாளி சொல்லிக் கொடுத்தார். பினாங்கில் 1985ல் கட்டிய பழைய பாலத்தில்தான் முதலில் போக வேண்டும் என்று ஆசை. 24 கிலோமீட்டர் நீளமான புதியது அப்புறம்.

இனி நீ பயப்படும் இடம். 2025 ஜூனில் மலேசியாவில் கெரிக் பக்கத்தில் பஸ் கவிழ்ந்து 15 பல்கலைக்கழகப் பிள்ளைகள் இறந்தார்களே, அன்றிலிருந்து அம்மாவுக்கும் அதே பயம்தான். நான் சமாதானம் சொல்லவில்லை, பயப்பட வேண்டிய விஷயம்தான். அதனால் முதலாளியிடம் சேருவதற்கு முன்பே சிலவற்றைப் பேசிவிட்டேன். இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் ஓட்ட மாட்டேன். கோலாலம்பூருக்கு அப்பால் என்றால் இரண்டு டிரைவர். தங்கும் ஊரில் எனக்கு அறையும் கட்டிலும் வேண்டும், பஸ் சீட்டில் படுக்கச் சொன்னால் வரமாட்டேன். டயரும் பிரேக்கும் என் கண்ணுக்குச் சரியில்லை என்றால் வண்டியை எடுக்க மாட்டேன், அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது. முதலாளி கொஞ்சம் முகம் சுளித்தார், கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பேன், அதிலும் எனக்கு வருத்தமில்லை. பட்டினி கிடப்பவன் இப்படிப் பேரம் பேச முடியாது. மசேநி வந்த பிறகு இந்த வேலைக்குப் போவதில் உள்ள சுகமே அதுதான்.

உடம்பைப் பற்றியும் கேட்பாய். பலதுறை மருந்தகத்தில் கண், இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. சர்க்கரை மாத்திரையோடு கட்டுக்குள் இருக்கிறது, ஊசி இல்லை. வயதாகிவிட்ட டிரைவர்களுக்கு மருத்துவர் சான்று இல்லாமல் லைசென்ஸ் தொடராது, அதுவும் நல்லதற்குத்தான். மதியம் வயிறு முட்டச் சோறு சாப்பிட்டால் மூன்று மணிக்குக் கண் சொக்கும் என்பது டிப்போவில் கற்ற பாடம், ஆகவே ஓட்டும் நாளில் இரண்டு சப்பாத்தியும் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கோப்பி ஓ கொசோங்கும்தான். அம்மா புளியோதரை கட்டித் தருவதாகச் சொல்கிறாள். அதைப் பயணிகளுக்குக் கொடுத்துவிடுவேன். அவளிடம் சொல்லாதே.

அவளும் சில நேரம் கூட வருவாளாம். கோயில் குழுவென்றால் காலியாக இருக்கும் சீட்டில் உட்காரலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். பத்துமலையில் 272 படி ஏற முழங்கால் ஒத்துழைக்குமா என்று கேட்டதற்கு, "நீங்கள் கீழே பஸ்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள், என் முழங்காலை முருகன் பார்த்துக்கொள்வான்" என்கிறாள்.

சரி, இப்போது எனக்கு உன்னிடமிருந்து ஒன்று வேண்டும். ஆண்டு இறுதியில் நீங்கள் வரும் தேதியைச் சீக்கிரம் முடிவு பண்ணு. அந்த ஆறு வாரமும் முதலாளி என்னைத்தான் முதலில் கூப்பிடுவார், நான் இப்போதே சொல்லி வைத்தால்தான் உங்களுக்கான நாட்களை ஒதுக்க முடியும். பேரனின் கடப்பிதழ் எப்போது முடிகிறது என்றும் பார், மலேசியாவுக்குள் போக ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும். அவன் முன்சீட்டில் உட்கார வேண்டும் என்று அடம்பிடிப்பான், பெல்ட் போட்டுக்கொண்டால் உட்காரலாம் என்று சொல்லி வை.

அம்மா கேட்கச் சொன்னது: போன தடவை கொண்டுவந்த அந்த முழங்கால் தைலம் இன்னும் அங்கே கிடைக்கிறதா? கிடைத்தால் இரண்டு புட்டி.

அன்புடன்,
அப்பா