ராணிப்பேட்டை மண்ணுக்கு ஒரு மின்சோதனை கேட்டு திறந்த மடல்

மாசுபட்ட நிலங்களைச் சீரமைக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட ஆலை விட்டுச்சென்ற இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவைப் பற்றி உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. மழை வந்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் வழிவதும் தெரியும்.

மஞ்சளான கிணற்று நீரைக் காய்ச்சியும் குடிக்க முடியாது. அதில் கரைந்திருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம், கொதிக்கவைத்தால் போகாது. நீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் ஏறும். குடிநீரில் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிய அதைப்போல் பல மடங்கு வேண்டும். தெளிந்திருக்கும் கிணற்றையும் நம்ப முடியாது என்பதுதான் அங்குள்ளவர்களின் பாடு.

குவியலை அள்ளினாலும் மூடினாலும், ஏற்கெனவே மண்ணில் இறங்கியது அங்கேயே இருக்கும். களிமண்ணுக்குள் தண்ணீரைச் செலுத்திக் கழுவ முடியாது. மின்புலம் அதற்குள்ளும் அயனிகளை நகர்த்தும். அதனால் கேட்கிறோம்: களி மிகுந்த ஓரிடத்தில் சிறு பாத்தி அளவில், மண்ணில் நேர்மின்முனையும் எதிர்மின்முனையும் இறக்கி நேர்மின்சாரம் செலுத்தும் மின்முனைச் சோதனை நடத்துங்கள்.

ஆனால் ஈயம், காட்மியத்துக்கான முறையை அப்படியே இங்கு இறக்காதீர்கள். அவை எதிர்மின்முனைக்குப் போகும்; அங்கே உண்டாகும் காரத்தில் ஹைட்ராக்சைடாகப் படியாதிருக்க அசிட்டிக் அல்லது சிட்ரிக் அமிலம் விட வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் குரோமேட்டாக இருக்கும். அது எதிர்மின் அயனி, நேர்மின்முனைக்குத்தான் வரும். அங்கே உண்டாகும் அமிலம் அதை மண்துகளிலேயே ஒட்டவைத்துவிடும். ஆகவே நேர்முனைக் குழியில் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சுழற்றி, குரோமேட்டோடு வெளியே எடுக்க வேண்டும். மண்நீர் எதிர்மின்முனை நோக்கி ஊர்ந்து குரோமேட்டை எதிர்க்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆய்வகத்தில் வழக்கமான அளவு சென்டிமீட்டருக்கு 1 வோல்ட். முனைகள் ஒன்றரை மீட்டர் தள்ளியிருந்தால் 150 வோல்ட் நேர்மின்சாரம். வேலி இல்லாமல் தொடங்கவே கூடாது. நேர்முனைக்குப் பூச்சிட்ட டைட்டானியம் போடுங்கள். இரும்பு போட்டால் அது கரைந்து, குரோமியத்தை மண்ணுக்குள்ளேயே நச்சு குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாக்கிப் படியவைக்கும். அது வேறு சிகிச்சை, வெளியேற்றம் ஆகாது. மண்ணில் உப்பு இருந்தால் குளோரின் வாயு வரும். முனையருகே மண் காய்ந்தால் மின்னோட்டம் விழுந்துவிடும். ஈரம் குறையாமல் பார்க்க வேண்டும். புதைந்த இரும்புக் குழாய்கள் மின்னோட்டத்தை வேறுவழிக்குத் திருப்பும். பாறை வெடிப்பிலுள்ள நீரை இம்முறை சுத்தம் செய்யாது. அதற்கு இறைத்துச் சுத்திகரிப்பதுதான் வழி.

நெதர்லாந்தின் குரோனிங்கனில் பழைய பெயிண்ட் ஆலை மண்ணில் 1980களின் பிற்பகுதியிலேயே மண்ணிலுள்ள உலோகங்களை மின்புலத்தால் நீக்கும் முறை களத்தில் பார்க்கப்பட்டது. ஆலை மூடிய நாளிலிருந்து முப்பது மழைக்காலம் இங்கே போயாயிற்று. இனியும் எத்தனை வேண்டும்?

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். நாங்கள் கேட்பது ஒரு பாத்திச் சோதனை. தொடக்கத்திலும் முடிவிலும் எடுக்கும் மண் மாதிரிகளில் மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டையும் தனித்தனியே அளந்து, முடிவு எதுவானாலும் ஊர் மக்களுக்குத் தமிழில் வெளியிடுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொடங்க ஆவன செய்யும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மண் சீரமைப்புத் தொழில்நுட்பம் அறிந்தோர் சிலர்