மஞ்சள் குளிசையின் பேரைச் சொல்லிவிடுங்கள்

மலையகத்துத் தோட்டங்களிலும் டவுன் டிஸ்பென்சரிகளிலும் எங்களுக்கு மருந்து தரும் டொக்டர்மாருக்கும் தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கும்,

வணக்கம்.

ஹட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு சின்ன டவுனில், தனியார் டிஸ்பென்சரி ஒன்றில் ஒன்பது வருஷம் மருந்து கட்டிக் கொடுத்தவள் நான். ஓ.எல். எழுதிய கையோடு போய்ச் சேர்ந்தேன். டொக்டர் உள்ளேயிருந்து துண்டு அனுப்புவார். நான் போத்தலைத் திறந்து குளிசையை எண்ணி, சின்னக் கடதாசிக் கவரில் போட்டு மடித்து, "காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு" என்று சொல்லி நீட்டுவேன். எத்தனை வேளை என்று கவரில் கோடு போடுவோம். உள்ளே இருப்பது என்ன என்று எழுதமாட்டோம். யாரும் கேட்டதும் இல்லை. அந்த வெள்ளை, அந்த ரோசாப்பூக் கலர், அந்த மஞ்சள். எங்கள் சனத்துக்கு மருந்தின் பேர் அவ்வளவுதான்.

மஞ்சள் என்றால் பி கொம்ப்ளெக்ஸ். போத்தல் மூடியைத் திறந்தாலே ஒரு வாடை வரும், கையில் ஒட்டினால் சாயங்காலம் வரைக்கும் போகாது. என்ன நோய் என்று பிடிபடாதவர்களுக்கும், நோயே இல்லை என்று டொக்டர் நினைத்தவர்களுக்கும் மஞ்சள் போகும். சம்பளம் போட்ட மறுநாள் வருகிறவர்களுக்கு அதோடு ஒரு விட்டமின் ஊசியும் சேரும். அடுத்த முறை வரும்போது, "மூத்திரம் மஞ்சளா போகுதுங்க டொக்டர், சூடெல்லாம் எறங்குது" என்பார்கள். உடம்புக்கு வேண்டாத விட்டமின் வெளியே போகிறது, வேறொன்றும் இல்லை. டொக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புத்தான் என்னை இந்த மடலை எழுத வைத்திருக்கிறது.

இதற்கு நீங்கள் வைத்திருக்கும் பேர் பிளாசிபோ. லத்தீனில் "திருப்திப்படுத்துவேன்" என்று அர்த்தமாம். சீனிக் குளிசை கொடுத்தால் சுத்தமான பிளாசிபோ. வேறு எதற்கோ உதவும் மருந்தை, இந்த நோய்க்கு உதவாது என்று தெரிந்தே கொடுத்தால் அது கலப்பு வகை. எங்கள் மஞ்சள் குளிசை இரண்டாவது வகை.

"தோட்டத்துச் சனம் ஊசி போடாவிட்டால் விடாது, நாங்கள் என்ன செய்ய?" என்று நீங்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சனத்தின் மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். 2013இல் இங்கிலாந்துக் குடும்ப டொக்டர்மாரிடம் ஓர் ஆய்வில் கேட்டபோது, நூற்றுக்கு 97 பேர் இந்தக் கலப்பு வகையை ஒரு தடவையாவது கொடுத்ததாக ஒப்புக்கொண்டார்கள். 2008இல் அமெரிக்காவில் 679 டொக்டர்மாரிடம் கேட்டதில், பாதிப்பேர் வழக்கமாகவே இப்படிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அங்கே கொழுந்து எடுக்கிறவர்களா வரிசையில் நின்றார்கள்?

ஆனால் எங்கள் பக்கத்தில் வேறொரு காரணமும் உண்டு, அது உங்கள் புத்தகங்களில் இருக்குமா தெரியாது. மலைக்குப் போகாமல் ஒருத்தி நின்றால் கங்காணிக்குக் காரணம் சொல்ல வேண்டும். பாதியில் இறங்கினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். லயத்து வீட்டில் மாமியாருக்கும் கணக்குக் காட்ட வேண்டும். "டொக்டர் ஒண்ணும் இல்லைன்னு அனுப்பிட்டாரு" என்றால் முடிந்தது கதை, அவள் பாசாங்குக்காரி. கையில் மூன்று கவர் இருந்தால் அது சாட்சி. ஊசி போட்ட இடத்தில் ஒட்டிய பஞ்சு அதைவிடப் பெரிய சாட்சி. அவள் உங்களிடம் கேட்டது மருந்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். தன் வலி பொய்யில்லை என்று இன்னொருவர் வாயால் வர வேண்டும் என்றுதான் வந்தாள்.

சரி, இதெல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடவும் முடியாது. 1978இல் கலிபோர்னியாவில் கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்குப் பிளாசிபோ கொடுத்து வலி குறைவதைப் பார்த்தார்கள். அப்புறம் அபின் வகை மருந்தின் வேலையைத் தடுக்கும் நலொக்சோனைக் கொடுத்தபோது, அப்படி வலி குறைந்திருந்தவர்களுக்கு வலி கூடியது. மருந்து கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் உடம்பு தானாகவே அபின் மாதிரி ஒரு வலிநிவாரணியைச் சுரக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம் எடுத்தார்கள். எங்கள் லயத்துப் பூசாரி விபூதி போட்டு வேப்பிலை அடித்ததும் தலைவலி விட்டது என்று பாட்டி சொன்னது பொய்யில்லை. பூசாரி மேல் எனக்குக் கோபமும் இல்லை. இரத்தம் சோதிக்கிற பொறுப்பு அவருக்குக் கிடையாது.

உங்களுக்கு உண்டு.

என் அம்மாவுக்கு அப்போது 44 வயது. மலையேறினால் மூச்சு வாங்கும், கூடை நிறையுமுன் கண் இருட்டும். நான் வேலை செய்த இடத்துக்கே கூட்டிப் போனேன். டொக்டர் நல்ல மனுசர், என் அம்மா என்று காசும் வாங்கவில்லை. விட்டமின் ஊசியும் மஞ்சள் குளிசையும் கொடுத்தார். கவரை மடித்துக் கொடுத்ததே நான்தான். மறுநாள் அம்மா, "உடம்பு லேசா இருக்குடி" என்றார். உண்மையிலேயே லேசாகத்தான் இருந்திருக்கும். மாசத்துக்கு ஒரு ஊசி என்று ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்திலேயே மயங்கி விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை. கர்ப்பப்பையில் கட்டி, மாசாமாசம் பத்து நாள் இரத்தப்போக்கு. மகளான எனக்கே தெரியாது. டொக்டர் கேட்கவில்லை. வெளியே இருபது பேர் நிற்கிற ஒரு தட்டிக்கு இந்தப் பக்கம், பாதி சிங்களமும் பாதி தமிழுமாக, ஓர் ஆம்பளையிடம் அம்மா அதைச் சொல்லவும் மாட்டார். இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள்.

பின்னால் ஒரு ஆய்வைப் பற்றி வாசித்தபோது அம்மாதான் நினைவுக்கு வந்தார். 2011இல் அமெரிக்காவில் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு தடவை மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் பம்ப், ஒரு தடவை மருந்தில்லாத பம்ப் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். இழுப்பு எவ்வளவு விட்டது என்று கேட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்: அசலுக்கு 50 வீதம், போலிக்கு 45 வீதம். மெஷினில் ஊதச் சொன்னால்தான் உண்மை தெரிந்தது. அசல் மருந்தில் மூச்சின் அளவு 20 வீதம் கூடியது, போலியில் 7 வீதம்தான். ஆளுக்கு நன்றாக இருக்கிறது, நுரையீரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் அம்மாவின் ஒன்றரை வருஷம் அதுதான்.

"அப்படியானால் உண்மையைச் சொல்லிவிட்டால் அந்த ஆறுதலும் போய்விடாதா?" என்று கேட்பீர்கள். போகாது போலிருக்கிறது. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வயிற்றுக் கோளாறு உள்ள 80 பேரில் பாதிப்பேருக்கு, "இதில் மருந்து எதுவும் இல்லை, சீனிக் குளிசை மாதிரி" என்று முகத்துக்கு நேரே சொல்லியே குளிசையைக் கொடுத்தார்கள். மூன்று கிழமையில் அவர்களில் 59 வீதமானோர் போதுமான சுகம் என்றார்கள். குளிசை வாங்காதவர்களில் 35 வீதம். இதைவிட எனக்குப் பிடித்தது 1987இல் இங்கிலாந்தின் சவுத்ஹம்ப்டனில் ஒரு குடும்ப டொக்டர் செய்தது. என்ன நோய் என்று பிடிபடாத 200 பேரில் பாதிப்பேரிடம், "இதுதான் விஷயம், சில நாளில் சரியாகிவிடும்" என்று உறுதியாகச் சொன்னார். மற்றவர்களிடம் நிச்சயமில்லாமல் பேசினார். இரு பக்கத்திலும் பாதிப்பேருக்குக் குளிசை கொடுத்தார், பாதிப்பேருக்குக் கொடுக்கவில்லை. இரண்டு கிழமையில் நல்ல சொல் கேட்டவர்களில் 64 வீதத்தினருக்குச் சுகம், மற்றவர்களில் 39. குளிசை வாங்கியவர்களுக்கு 53, வாங்காதவர்களுக்கு 50. அந்தக் குளிசை என்ன தெரியுமா? விட்டமின் பி1. நம்ம மஞ்சளுக்கு உறவுக்காரன்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. கவரில் மருந்தின் பேரை எழுதுங்கள், தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. விட்டமின் என்றால் விட்டமின் என்றே சொல்லுங்கள்: "இது சத்துக் குளிசை, உன் நோய்க்கு மருந்தில்லை, நோய் என்ன என்று இரத்தம் சோதித்துப் பார்ப்போம்." களைப்பு என்று இரண்டாம் தடவை வருகிற பொம்பளையிடம் மாதவிடாய் பற்றிக் கேளுங்கள். கூச்சமாக இருந்தால் நர்ஸ் மிஸியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். சாதாரணத் தடிமனுக்கு அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லி மருந்தைக் கொடுத்துச் சமாதானப்படுத்துவதை மட்டும் தயவுசெய்து இன்றோடு விடுங்கள். மஞ்சள் குளிசை மூத்திரத்தோடு போய்விடும். அமொக்சிசிலினோ கிருமிக்குப் பழக்கம் பிடிக்க வைத்துவிட்டு, நாளைக்கு உண்மையாகவே நிமோனியா வருகிற பிள்ளைக்கு வேலை செய்யாமல் போகும். லீவுக்குத்தான் சாட்சி வேண்டும் என்றால் லீவுத் துண்டில் நேராக எழுதுங்கள், "இவருக்கு இரண்டு நாள் ஓய்வு வேண்டும்" என்று. அதற்கு ஊசி தேவையில்லை.

ஒரு காலையில் அறுபது பேரைப் பார்க்க வேண்டிய தோட்ட மருத்துவ உதவியாளரிடம் இதைக் கேட்பது நியாயமா என்று யோசித்தேன். அவர் ஒருத்தர், தோட்டம் மூன்று. அவருக்கு நேரத்தை நீங்கள் மாத்திரம் உண்டாக்க முடியாது, அது கம்பனியும் சுகாதாரத் திணைக்களமும் பார்க்க வேண்டியது. ஆனால் சில வார்த்தைக்கு நேரம் அதிகம் பிடிக்காது. "சோறு தின்ன உடனே பிளேன்டீ குடிக்காதீங்க, ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க, டீ குடிச்சா சோத்துல இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது." இதை எனக்குப் பெரியாஸ்பத்திரியில் ஒரு மிஸி சொன்னார். எண்ணிப் பார்த்தேன், பத்து விநாடிகூட ஆகவில்லை. வாழ்நாள் முழுக்கத் தேயிலை பறித்தவருக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒப்பரேஷன் முடிந்து இப்போது ஹீமோகுளோபின் 11.6. இரும்புச்சத்துக் குளிசை விழுங்குகிறார். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு கட்டிக்கொள்கிறது என்று தினமும் புலம்பல். மலைக்குப் போய் வந்து இஸ்தோப்புத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து நேற்றும் சொன்னார்: "என்னதான் சொல்லு, அந்த ஊசி மாதிரி வராதுடி."

இப்படிக்கு,
கவர் மடித்துக் கொடுத்த ஒருத்தி