பம்பை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூர்ப் பகுதியில் பழைய கார் வைத்திருப்போருக்குக் கவலையும் தொடங்கிவிடுகிறது. காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, நண்பகலில் நெடுஞ்சாலையில் இழுவை குறைந்து, குலுங்கி, நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடுகிறது. இதைச் சொன்ன மாத்திரத்தில் “ஃபியூவல் பம்ப் (எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்) போய்விட்டது, மாற்றிவிடலாம்” என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் நம் பகுதிப் பட்டறைகள் பலவற்றில் ஊன்றிவிட்டது. எதையும் அளந்து பார்க்காமல் பம்பை மாற்றும் இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டில் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். சென்ற சித்திரையில் என் மனைவியுடன் காட்பாடியிலிருந்து ஆம்பூருக்குத் திருமணத்துக்குச் செல்லும் வழியில், பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்த சிறிது நேரத்தில் வண்டி நின்றது. லாரிகள் உரசிக்கொண்டு போகும் சாலையோரத்தில், அந்த வெயிலில், வயதான இருவர் நிற்பது எத்தகைய அச்சம் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இழுத்துச் சென்ற பட்டறையில் அன்று மாலையே புதிய பம்ப் போட்டு 6,500 ரூபாய் வாங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் குடியாத்தம் சாலையில் அதே கோளாறு திரும்பியது. இம்முறை சத்துவாச்சாரியில் ஒரு மூத்த மெக்கானிக், பம்பைத் தொடுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. பம்புக்குச் செல்லும் இணைப்பில், பம்ப் ஓடும்போது, 9 வோல்ட்தான் வந்தது. பம்பின் எர்த் ஒயர் பாடியில் முடுக்கப்பட்ட இடத்தில் துருவேறியிருந்தது. அதைச் சுரண்டித் தேய்த்து, புதிய முனை போட்டு முடுக்கினார். அதன்பின் வண்டி ஒருமுறைகூட வழியில் நின்றதில்லை. கழற்றிய பழைய பம்பாவது கிடைக்குமா என்று முதல் பட்டறையில் கேட்டேன். அது காயலான் கடைக்குப் போய்விட்டதாம். அது உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோலைப் பீச்சும் வண்டிகளில், பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடிகள் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். அது கேட்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியவை ஃபியூஸும், பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயும். அதன் பிறகே ஒயரும் பம்பும். இரைச்சல் கேட்டும் வண்டி திணறினால், எரிபொருள் குழாயில் பிரஷர் கேஜைப் பொருத்தி அழுத்தத்தை அளக்க வேண்டும். இவ்வகைச் சிறிய கார்கள் பலவற்றில் இது 3 பார் அளவில் இருக்கும். சரியான அளவு அந்தந்த வண்டியின் பணிமனைக் கையேட்டில் உண்டு. வோல்ட் சரியாக வந்து, ஃபில்டரும் அடைபடாமல் இருந்து, அழுத்தம் மட்டும் குறைந்தால்தான் பம்பின் மீது குற்றம் சுமத்தலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடும் குணம் தேய்ந்த பம்ப் மோட்டாருக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார் பழுதானாலும் வண்டி அச்சு அசலாக இப்படியே நடந்துகொள்ளும். வண்டி நின்றிருக்கும் அந்த நேரத்திலேயே அழுத்தத்தை அளந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

அம்பாசடர், கார்புரேட்டர் கால மாருதி 800 போன்றவற்றில் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து இயங்குவது. அதிலுள்ள டயாபிரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் வெளியே கசியும், அல்லது எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை இழுத்து முகர்ந்தாலே தெரிந்துவிடும். வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதும் இவற்றில் உண்டு. ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி ஆற்றிய பழைய ஓட்டுநர்களுக்கு அது பம்பின் குற்றமன்று என்பது தெரிந்திருந்தது.

பம்ப் கெட்டது உறுதியானால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றும் முறையைப் பார்த்தால் மனம் பதறுகிறது. வெல்டிங் நடக்கும் இடத்துக்கு மிக அருகில், பெட்ரோல் நிறைந்த டேங்கைத் திறந்து வைத்திருப்பதை நானே கண்டிருக்கிறேன். பம்பின் ஃபியூஸைக் கழற்றி எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தை இறக்கவும், பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றவும் ஒரு சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்துவதற்காகப் பட்டறையில் வேலை பழகும் சிறுவர்களின் உயிரைப் பணயம் வைக்கலாகாது. டேங்கின் வாயிலுள்ள ரப்பர் வளையத்தையும் புதிதாகப் போட வேண்டும். 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமான பிறகு, அதைத் தாங்கும் ரப்பர்தானா என்று கேட்டு வாங்குவதும் அவசியமாகிவிட்டது.

உரிமையாளர்களிடமும் தவறு உண்டு. டேங்கிலுள்ள பெட்ரோல்தான் உள்ளிருக்கும் பம்பைக் குளிர்விக்கிறது. பங்க்கில் 200 ரூபாய்க்கு மட்டும் போட்டு, முள் எப்போதும் அடியிலேயே கிடக்க ஓட்டினால், நம் ஊர் வெயிலில் நல்ல பம்பும் விரைவில் சூடேறித் தேய்ந்துபோகும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் பட்டறை உரிமையாளர்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக நான் வைக்கும் வேண்டுகோள் இரண்டுதான். பம்பை மாற்றும் முன் அளந்த வோல்ட்டையும் அழுத்தத்தையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய பம்பை வண்டிக்காரரின் கையிலேயே ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
காட்பாடி.